தொண்ணூற்றுநாலு மார்க் கை

எழுபது வயதைத் தாண்டிய மனிதருக்குப் பாளையங்கோட்டையில் மானம் போக நூறு வழிகள் ஏற்கெனவே இருந்தன. அரசாங்கம் கருணையோடு நூற்றொன்றாவது வழியையும் திறந்துவிட்டது. ஸ்கூட்டர் பேட்டரி அவருக்கு மார்க் போட ஆரம்பித்தது.

சட்டம் எளிமையானதுதான். எழுபது முடிந்தவர்கள் மின்சார ஸ்கூட்டர் ஓட்டலாம். ஆனால் அவர்களுடைய பேட்டரிக்குள் முத்திரை வைத்த ஒரு போர்டு இருக்கவேண்டும். உள்ளங்கை அகலப் பச்சைத் தகடு, அவ்வளவுதான். ஆக்ஸிலரேட்டரைக் கை எப்படி முறுக்குகிறதோ அப்படித்தானே பேட்டரியிலிருந்து கரண்ட் இறங்கும். கை தயங்கினால் கரண்டும் தயங்கும், கை பதறினால் அதுவும் பதறும். அதையெல்லாம் போர்டு ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டு, மாதம் பிறந்ததும் நூற்றுக்கு இத்தனை என்று போனுக்கு அனுப்பிவிடும். இதற்குக் கைத்தடம் என்று பெயர். எண்பதுக்கு மேல் வாங்கியவர் ராஜா. அறுபத்தைந்துக்குக் கீழே போனால் வேகம் முப்பத்தைந்தைத் தாண்டாது. அறுபதுக்குக் கீழே இறங்கினாலோ, வீட்டிலிருந்து இரண்டாவது கிலோமீட்டரில் வண்டி நின்று, 'திரும்புங்கள்' என்று தேன் ஒழுகும் பெண்குரலில் சொல்லும்.

ஆவுடையப்பனுக்கு வந்த மார்க் அறுபத்தொன்று.

அவருக்கு வயது எழுபத்துமூன்று. மின்வாரியத்தின் மீட்டர் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மீட்டரின் முத்திரைக் கம்பியில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவார் என்று அந்தக் காலத்தில் ஊரே சொல்லும். அதிகம் சொன்னது அவர்தான்.

இரண்டு கிலோமீட்டர் என்றால் அவருக்கு உயிர் போகிற சமாச்சாரம். மனைவி செண்பகவல்லி அவருக்குச் சீனியைத் தடை செய்து ஆறு வருஷமாகிறது. பூக்காரி, பால்காரர், ரேஷன் கடைக்காரர், கோயில் பட்டர் என்று அவளுடைய ஒற்றர் படை சரியாக இரண்டு கிலோமீட்டர் வட்டத்துக்குப் பரவியிருந்தது. அதற்குள் ஆவுடையப்பன் ஒரு கல்கண்டை நாக்கில் வைத்தால், அது கரைவதற்குள் செய்தி வீடு போய்ச் சேரும். சீவலப்பேரி சாலையில் எட்டாவது கிலோமீட்டரில் ஒரு டீக்கடை உண்டு. அங்கே போடுகிற டீயில் கரண்டியை நட்டால் சாயாமல் நிற்கும். தினமும் காலை அந்த டீக்கு முன்னால் உட்காரும்போதுதான் தன் ஓய்வுக்காலம் என்பது தனக்கும் கொஞ்சம் சொந்தம் என்று அவருக்குத் தோன்றும். அறுபத்தொன்றுக்கும் ஐம்பத்தொன்பதுக்கும் நடுவில் இருந்தது அந்த டீதான்.

"என்ன வே, பாஸா பெயிலா?" என்று கேட்டார் ஞானதிரவியம், கேட்டின் மேல் கையூன்றி.

"பாஸ்தான்."

"எத்தன?"

"அது எதுக்கு ஒமக்கு?"

"அறுபத்தொண்ணு," என்று உள்ளேயிருந்து செண்பகவல்லியின் குரல் வந்தது. "அண்ணாச்சி, ஒங்க கையில கால்வாசிய ஆண்டவன் இவுகளுக்குக் குடுத்துருக்கலாம்."

ஞானதிரவியம் மூன்றாவது வீட்டுக்காரர். மனைவி இறந்து தனியாக இருந்தார். முப்பத்துநாலு வருஷம் திருநெல்வேலி–பாபநாசம் அரசுப் பேருந்து ஓட்டியவர். அத்தனை வருஷத்தில் ஒரு கோழிகூட அவர் வண்டிக்கு முன்னால் பயந்து ஓடியதில்லையாம், நிதானமாக நடந்துதான் கடக்குமாம். அவருடைய கைத்தடம் தொண்ணூற்றுநாலு. அதைத் தாளில் அச்செடுத்துச் சட்டம் போட்டு, இயேசுநாதர் படத்துக்கும் கல்யாண போட்டோவுக்கும் நடுவில் மாட்டியிருந்தார். தெருவில் யாருக்கு ஆஸ்பத்திரி, யாருக்குக் கோயில் என்றாலும் அவர் வண்டிதான். செண்பகவல்லியும் வெள்ளிக்கிழமை தோறும் காந்திமதி அம்மனைப் பார்க்க அவர் பின்னால்தான் போவாள். கணவர் பின்னால் உட்கார்வதும், கண்ணைக் கட்டிக்கொண்டு குற்றாலத்து மெயின் அருவியில் நிற்பதும் ஒன்று என்பது அவள் கருத்து.

ஆண்டவன் கொடுக்காவிட்டால் என்ன என்று ஆவுடையப்பனுக்குத் தோன்றியது அப்போதுதான்.

இருவருடைய ஸ்கூட்டரும் ஒரே ரகம், ஒரே நாளில் வாங்கியவை. ஐந்து வருஷ ஓட்டத்தில் பேட்டரிகள் தளர்ந்துபோயிருந்தன. பழைய செல்களை எடுத்துவிட்டுப் புதியவை போட சட்டத்தில் தடையில்லை, போர்டைத் தொடக்கூடாது என்பதுதான் சட்டம்.

"ரெண்டு வண்டிக்கும் புது செல் போட்டு, வயரிங்க மாத்திருவோம் வே. இப்ப அம்பது ஓடுறது நூத்தம்பது ஓடும். நீரு பாபநாசம் போயிட்டுத் திரும்பி வரலாம்."

ஞானதிரவியம் கொஞ்ச நேரம் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொடுத்துவிட்டார்.

மூன்று நாள் சாப்பாட்டு மேஜை ஆவுடையப்பனின் வசமாயிற்று. செண்பகவல்லி தட்டைக் கையில் ஏந்தி நின்றுகொண்டே சாப்பிட்டாள். அவர் முதலில் பெரிய ஃபியூஸைப் பிடுங்கினார். மூடியைக் கழற்றி மல்டிமீட்டரால் வரிசை வரிசையாக நாடி பார்த்தார். பழைய செல்களை அச்சு முறுக்குப் போலச் சரம் சரமாக வெளியே எடுத்து, புதியவற்றை அடுக்கி, மேலே நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங்கால் ஒட்டினார். ஒவ்வொரு பொட்டுக்கும் பட் பட்டென்று அப்பளம் நொறுங்குகிற சத்தம் வந்தது. மெல்லிய சிவப்பு வயருக்குப் பதிலாக விரல் தடிமனில் புதிய வயர் இழுத்தார். கடைசியில், ஒவ்வொரு வரிசையிலிருந்தும் போர்டுக்குப் போகிற நூல் போன்ற வயர்களை ஒவ்வொன்றாகச் செருகவேண்டும். ஒன்று இடம் மாறினாலும் புகைதான்.

வயர்கள் இடம் மாறவில்லை. போர்டுகள் மாறின.

திருட்டு முத்திரைகளைப் பிடித்தே பெயர் வாங்கிய கை, பழுப்பேறிய ஒரு டாக்டர் ஊசியைச் சூடாக்கி இரண்டு முத்திரைகளையும் தடயமில்லாமல் நெகிழ்த்தி, திரும்பவும் இறுக்கியது. மேஜைமேல் அந்தக் கையைப் பார்த்து அவரே கொஞ்சம் மெய்ம்மறந்தார். இதைத் திருட்டு என்று சொல்ல முடியாது என்று அவருடைய மனசாட்சி தீர்ப்பெழுதியது. தொண்ணூற்றுநாலு வாங்கியவரின் கை ஆறு மாதம் தன் பெயரில் ஓட்டட்டும். தன் கை அவர் பெயரில் ஓட்டட்டும். அவருக்குப் பத்து குறைந்தாலும் ராஜாதான். ஆறு மாதம் கழித்து எதையாவது சாக்கிட்டுத் திருப்பி மாற்றிவிட்டால் போயிற்று.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "கொஞ்ச நாளைக்கு மந்தமாத்தான் ஓடும் வே. புது செல்லுல்லா, பதமாகணும்," என்றார்.

"அப்படியா," என்றார் ஞானதிரவியம். வேறெதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் ஆவுடையப்பன் ஸ்கூட்டரில் போகவில்லை, மிதந்தார். டீக்கடையில் இரண்டாவது டீயும் குடித்தார். அவர் பெயரில் மார்க் அறுபத்தெட்டு, எழுபத்துநாலு, எழுபத்தொன்பது என்று படியேறிக்கொண்டே வந்தது. ஞானதிரவியத்தின் பெயரில் எத்தனை இறங்கியது என்று மட்டும் தெரியவில்லை. கேட்டால், "அதெல்லாம் இப்ப யாரு பாக்குறா," என்று பேச்சை மாற்றிவிடுவார். ஆவுடையப்பனுக்கு எங்கோ சுருக்கென்று குத்தும். எட்டாவது கிலோமீட்டரில் அது கரைந்துவிடும்.

நாலாவது மாதம் போன் வந்தது. மார்க் போடுகிற அலுவலகத்திலிருந்து இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து, நரம்பு வைத்தியப் பிரிவு.

"ஆவுடையப்பன் ஐயாங்களா? ஒங்க கைத்தடம் எங்களுக்கும் வரும், அது பத்திப் பேசணும். தனியா வந்தாலும் சரி, வீட்ல ஆளக் கூட்டிட்டு வந்தாலும் சரி."

பிடிபட்டாயிற்று என்றே அவர் நினைத்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கைதாகப் போகிற தலைவரைப்போல வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

டாக்டர் ரஹ்மத் நிஷாவுக்கு நாற்பது வயதிருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்ததும் திரையை ஆவுடையப்பன் பக்கம் திருப்பினார். மீன்முள் மாதிரி ஒரு கோடு ஓடியது.

"இது நீங்க சிக்னல்ல நிக்கும்போது எடுத்தது. ஆக்ஸிலரேட்டர முறுக்கல, கைய அது மேல சும்மா வச்சிருக்கீங்க. அப்ப ஒரு செகண்டுக்கு அஞ்சு தடவ ஆடுது. வண்டி கிளம்பினதும் நின்னுருது. ஓட்டுறதுல ஒரு கொற இல்ல. ஓட்டாம இருக்கும்போதுதான் கொற."

"அப்படின்னா?"

"நடுக்குவாதத்தோட மொத வாசப்படி. பயப்படாதீங்க, ரொம்ப சீக்கிரம் புடிச்சிருக்கோம். ஒங்க மார்க் கம்மியா இருந்ததுதான் நல்லதாப் போச்சு."

"அது எப்படி டாக்டரம்மா?"

"எண்பதுக்கு மேல உள்ளவங்கள போர்டு மாசத்துக்கு ஒரு நிமிஷம்தான் பாக்கும். நல்ல பிள்ளைய வாத்தியார் கவனிக்க மாட்டாருல்ல, அந்தக் கததான். கொறஞ்ச மார்க்கத்தான் செகண்ட் செகண்டாப் பாக்கும். கைய மடியில வைங்க. நூறுலருந்து ஏழேழாக் கழிச்சுச் சொல்லுங்க."

ஆவுடையப்பன் தொண்ணூற்றுமூன்று, எண்பத்தாறு என்று இறங்கினார். கை மடியில் கருங்கல்லாகக் கிடந்தது. விரலைத் தட்டச் சொன்னார், தட்டினார். நடக்கச் சொன்னார், நடந்தார். டாக்டர் திரையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு சின்ன டார்ச்சை எடுத்து அடித்தார்.

"இந்த லைட்டு எப்படித் தெரியுது?"

"நல்லாத்தான் தெரியுது. சுத்தி ஒரு மாக்கோலம்."

"ரெண்டு கண்ணுலயும் புரை ஐயா. அரை மணி நேர ஆபரேஷன். ஸ்பீடு பிரேக்கரக் கிட்ட வந்த பெறகுதான் பாத்துருப்பீங்க, மார்க் போனது அதுலதான். ஒங்க கைக்கு ஒண்ணுமே இல்ல." டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப இது யாரு கை?"

முப்பத்துநாலு வருஷம் பாபநாசம் போய்வந்த கை என்று ஆவுடையப்பனுக்குத் தெரியும்.

"மிஷின் தப்பாருக்கும் டாக்டரம்மா."

"மிஷின் தப்புப் பண்ணும். இவ்வளவு ஒழுங்காப் பண்ணாது." அவர் குரல் உயரவில்லை. "இந்தக் கைக்காரரு இன்னிக்கு நல்லா ஓட்டுவாரு. ஒரு நாள், போன்னு மூளை சொல்லும், கை கேக்காது. பிரேக்கப் புடின்னு சொல்லும், கேக்காது. நாலஞ்சு செகண்டுதான், பெறகு கேட்ரும். இப்ப வந்துருக்குற மருந்துல அத ரொம்ப வருஷம் தள்ளிப்போடலாம். ஆனா அந்தக் கையப் பாத்துப் பாத்துத்தான் அளவு வைக்கணும். இல்லாத கைக்கு நான் மருந்து எழுத முடியாது."

அன்று மதியமே ஆவுடையப்பன் மூன்றாவது வீட்டுக்குப் போனார். ஞானதிரவியம் சோபாவில் உட்கார்ந்து இடது கையால் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். வலது கை தொடைக்கு அடியில் இருந்தது. அவர் கொஞ்ச காலமாகவே அப்படித்தான் உட்கார்கிறார் என்பது ஆவுடையப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது.

சுவரில் மாட்டியிருந்த தொண்ணூற்றுநாலைப் பார்க்காமல், தரையைப் பார்த்தே எல்லாவற்றையும் சொல்லிமுடித்தார். போர்டு, ஊசி, டாக்டர், மீன்முள், தன் கண்ணில் விழுந்த புரை. ஞானதிரவியம் இன்னொரு கடலையை உடைத்தார்.

"புது செல்லு பதமாகணும்," என்றார் ஞானதிரவியம். "அதானே சொன்னீரு? வண்டி மந்தமா இருக்கதுக்கும், வண்டிய ஒருத்தன் முப்பத்தஞ்சுல கட்டிப் போட்டுருக்கதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா வே? தெருமுக்கத் தாண்டுததுக்குள்ளயே தெரிஞ்சு போச்சு."

"பெறகு ஏன் கேக்கல?"

"எதுக்குக் கேக்கணும்? போன வருஷமே இது ஆட ஆரம்பிச்சிட்டு." தொடையை லேசாக உயர்த்திக் காட்டினார். "மாசத்துல ஒரு நிமிஷம் பாக்கும்னு தெரியும். எந்த நிமிஷம்னு தெரியாது. தெனமும் சிக்னல்ல நிக்கும்போது உசிரு போயிட்டு வரும். சாவியக் குடுக்கவே யோசிச்சேன், பேட்டரியத் தொறந்தா எதும் தெரிஞ்சிருமோன்னு. நீரு என்னடான்னா போர்டயே மாத்தி வச்சிட்டீரு. ஆடுனா ஒம்ம பேருல ஆடட்டும்னு விட்டுட்டேன்."

நாலு மாதம் தான் ஒருவரை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்த ஆவுடையப்பனுக்கு, தானும் அதே அளவு ஏமாந்திருக்கிறோம் என்பதில் கோபம் வரவேண்டும். ஆறுதல்தான் வந்தது.

"நாளைக்கு டாக்டரம்மாட்ட வாரும்."

"வந்தா? வண்டியப் புடுங்கிருவாவ. வண்டி இல்லன்னா நான் யாரு வே? இந்த நாலு சொவத்துக்குள்ள கடல உரிக்கிறவன்." ஞானதிரவியம் முன்னால் சாய்ந்தார். "நீரு ஒரு காரியம் பண்ணும். சீட்டு ஒம்ம பேருலதான இருக்கு? நீரே சீக்காளியா இரும். மருந்த வாங்கி எனக்குத் தாரும். ஒமக்கும் மார்க் நிக்கும், எனக்கும் கை நிக்கும்."

"என் கைய அவுக பாத்துட்டாவளே. கல்லு மாரி இருக்குன்னு."

"ஆட்டிக் காட்டும். வேணும்னா என் கையப் பாத்துப் பழகும்."

பிரஷர் மாத்திரையிலிருந்து மூட்டுவலித் தைலம்வரை ஒருவர் சீட்டில் நாலு வீடு வைத்தியம் பார்த்துப் பழகிய தெரு அது. ஆவுடையப்பன் சரி என்றார்.

மூன்று நாள் அவர் நடுக்கம் பயின்றார். காலையில் ஞானதிரவியம் வலது கையை மடியில் வைத்துக் காட்டுவார். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் மாத்திரை உருட்டுவதுபோல ஒன்றையொன்று தேடும். ஆவுடையப்பன் எதிரில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்வார்.

"அவ்வளவு வேகம் கூடாது வே. நீரு உடுக்கு அடிக்கீரு."

"இப்ப?"

"இப்ப கொசு வெரட்டுதீரு. மெதுவா. கை ஒம்ம பேச்சக் கேக்கக்கூடாது, அது பாட்டுக்கு நடக்கணும்."

முப்பது வருஷ நண்பரின் கையை அவர் அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததே இல்லை. ஸ்டீயரிங் தேய்த்துப் பளபளத்த உள்ளங்கை. பேசும்போது ஆடாது, எதையாவது எடுக்கப் போனால் ஆடாது. சும்மா இருக்கலாம் என்று அது நினைக்கும்போதுதான் ஆரம்பிக்கும். சும்மா இருப்பதையே மறந்துபோன கை.

மூன்றாம் நாள் மாலை கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தபோது நடிப்பு முழுசாக வந்துவிட்டது. டாக்டர் என்ன, டாக்டரின் வாத்தியாரே ஏமாறுவார். பெருமையில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, போதும் என்று நினைத்தார். கை நின்றது.

அவ்வளவுதான். நினைத்தார், நின்றது. ஆவுடையப்பனுக்கு முகம் கழுவவேண்டும் போலிருந்தது.

"கண்ணாடி முன்னால நின்னு என்னத்த உருட்டுதீக?" என்றாள் செண்பகவல்லி பின்னாலிருந்து. "நாளைக்கு வெள்ளிக்கெழம. அண்ணாச்சிய ஒம்பதரைக்கு வரச் சொல்லிருக்கேன்."

காலை ஒன்பதரைக்கு ஞானதிரவியத்தின் வண்டி கேட்டில் வந்து நின்றது. செண்பகவல்லி பட்டுப்புடவையும் பூக்கூடையுமாக ஏறி உட்கார்ந்தாள். ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டியபடி படியில் நின்றார். ஞானதிரவியத்தின் வலது கை ஆக்ஸிலரேட்டரில் இருந்தது.

"போலாமா தங்கச்சி?"

"போலாம் அண்ணாச்சி."

வண்டி போகவில்லை.

கை கைப்பிடிமேல் இருந்தது, முறுக்கவில்லை. ஞானதிரவியத்தின் கண்கள் அந்தக் கையைப் பார்த்தன. எதிரில் ஒரு ஆட்டோ வளைந்து போயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று. செண்பகவல்லி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள், எதையும் கவனிக்கவில்லை. நாலு. கை முறுக்கியது, வண்டி அசைந்தது. அது ஓட்டுநரின் நிதானம் என்றுதான் தெருவில் யாருக்கும் தோன்றியிருக்கும். அந்தக் கையை மூன்று நாள் பாடம் படித்த ஆவுடையப்பனுக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரிந்தது.

"ஞானம், நில்லும். ஒரு வயர் தொங்குது."

வண்டி நின்றது. ஆவுடையப்பன் உள்ளே போய்க் கட்டிங் பிளேயரோடு வந்து, கால் வைக்கும் பலகைக்குப் பக்கத்தில் குத்தவைத்து, பேட்டரி மூடியைத் திறந்தார். எந்த வயரும் தொங்கவில்லை. முத்திரைக் கம்பி மட்டும் பளிச்சென்று இருந்தது. அதை அவ்வளவு அழகாக இறுக்கியிருந்தார்.

ஞானதிரவியம் குனிந்து பார்த்தார். புரிந்துவிட்டது. "வேண்டாம் வே," என்றார் மெதுவாக. "அது ஒம்ம போர்டு."

"ஆமா. என் பேருல உள்ளததான் நான் அறுக்க முடியும்."

நறுக்கென்று ஒரு சத்தம். வண்டியின் விளக்குகள் அணைந்தன. தேன் ஒழுகும் பெண்குரல் தெருமுழுக்கக் கேட்கும்படி அறிவித்தது: "முத்திரை சேதமடைந்துள்ளது. ஆவுடையப்பன் அவர்களின் ஓட்டுநர் உரிமம் ரத்து செய்யப்படுகிறது. நன்றி."

செண்பகவல்லி பூக்கூடையோடு இறங்கினாள். "அண்ணாச்சி வண்டி எதுக்கு இவுக பேரச் சொல்லுது?"

அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஞானதிரவியத்தின் கையைப் பார்த்தாள். வண்டி நின்றுவிட்டதால் அதற்கு இப்போது வேலையில்லை, ஆடிக்கொண்டிருந்தது. இந்தமுறை அவர் அதை ஒளிக்கவில்லை.

"கண்ண ஆபரேஷன் பண்ணிருந்தா நீரே நல்லா ஓட்டிருப்பீரு," என்றார் ஞானதிரவியம். "பேசாம இருந்திருந்தா ராஜா. இப்ப ஆயுசுக்கும் ஓட்ட முடியாது, தெரியும்லா?"

"தெரியும்."

"கோட்டி புடிச்ச மனுசன் வே நீரு."

"ஆமா."

ஞானதிரவியம் செத்துப்போன வண்டியிலிருந்து இறங்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். சைடு ஸ்டாண்டைப் போட்டார். கைப்பிடியை ஒருமுறை துடைத்தார். சாவியைச் சட்டைப்பையில் போடப் போனவர், என்ன நினைத்தாரோ, வண்டியிலேயே விட்டுவிட்டார்.

"அந்த டாக்டரம்மா எத்தன மணி வரைக்கும் இருப்பாவ?"

"ஒரு மணி வரைக்கும்."

"அப்ப ஆட்டோவக் கூப்பிடுங்க," என்றாள் செண்பகவல்லி. "நானும் வாரேன். அம்மன் அடுத்த வெள்ளிக்கெழமயும் அங்கனதான் இருப்பா."

டாக்டர் ரஹ்மத் நிஷா ஞானதிரவியத்தின் கையை மடியில் வைக்கச் சொன்னார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். தொண்ணூற்றுமூன்று சொல்வதற்குள் விரல்கள் மாத்திரை உருட்ட ஆரம்பித்தன. திரையில் ஓடிய மீன்முள்ளும் மடியில் ஆடிய கையும் ஒரே தாளத்தில் இருந்தன. டாக்டர் இரண்டையும் வெகுநேரம் மாறிமாறிப் பார்த்தார். பிறகு சீட்டில் பழைய பெயரை அடித்துவிட்டு, "பேரு சொல்லுங்க," என்றார்.

"ஞானதிரவியம். ரிட்டயர்டு டிரைவர்."

"மருந்து இன்னிக்கே ஆரம்பிச்சிரலாம். மூணு மாசம் ஓட்டக்கூடாது. அதுக்குப் பெறகு கை என்ன சொல்லுதுன்னு பாத்துட்டுப் பேசுவோம். கண்டிப்பா முடியாதுன்னு நான் சொல்லல."

செண்பகவல்லி ஞானதிரவியத்தின் மடியிலிருந்த கையில் ஒரு முழம் பிச்சிப்பூவை வைத்தாள். அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்ததால் கை ஆடாமல் இருந்தது.

ஆவுடையப்பனுக்கு ஏதாவது தண்டனை கிடைத்தால் தேவலை போலிருந்தது. "எல்லாத் தப்பும் என்னுதுதான் டாக்டரம்மா. போர்ட மாத்துனது, அறுத்தது எல்லாம். இப்படி ஒரு வேலைய இந்த ஜில்லாவுல எவனும் பண்ணிருக்க மாட்டான்."

அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

டாக்டர் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றினார். "இந்த மாசம் மட்டும் அடுத்தவங்க கையோட இங்க வந்தவங்க நீங்க பத்தொன்பதாவது ஆளு ஐயா. வாத்தியாரு, தாசில்தாரு, ஒரு பல் டாக்டரு. கையோட ஆளையும் கூட்டிட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்."

"மத்தவங்க?"

"மிஷின் தப்பாருக்கும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

கீழே ஆஸ்பத்திரிச் சாலையின் சிக்னல் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஆவுடையப்பன் புரை விழுந்த கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். சிவப்பு விழுந்திருந்தது. ஏழெட்டு ஸ்கூட்டர்கள் வரிசையில் நின்றன, பாதிக்கு மேல் நரைத்த தலைகள். ஒருவர் பின்னால் பள்ளிப் பையோடு ஒரு பிள்ளை, இன்னொருவர் முன்னால் காய்கறிப் பை. எல்லாக் கைகளும் கைப்பிடிமேல் சும்மா இருந்தன.

பச்சை விழுந்தது. வரிசை கிளம்பிப் போயிற்று. நீலச் சட்டை போட்ட ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஹார்ன்கள் அலறின.

ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆவுடையப்பன் எண்ணினார். நாலில் நீலச் சட்டைக்காரரும் கிளம்பினார்.